விலை சொல்லிக் கொடுப்பது

போடிநாயக்கனூரில் ஒரு சாமான் வீட்டை விட்டு வெளியேறுவதற்கென்று பழகிய வழிகள் சில உண்டு. பித்தளையும் செம்பும் பாத்திரக் கடைக்கு எடைக்குப் போகும். இரும்பும் தகரமும் தள்ளுவண்டிக்காரரிடம் போகும். ஒரு காலத்தில் அதற்குப் பேரீச்சம்பழம் கிடைத்தது. பழைய துணிக்குப் பிளாஸ்டிக் வாளியோ எவர்சில்வர் கிண்ணமோ வரும். பட்டுச் சேலையில் ஜரிகை இருந்தால் அதை மட்டும் கேட்டுத் தெருவில் குரல் கொடுத்து வருகிறவர் தனி. இதில் எதிலும் சேராததை வேலைக்கு வருகிற அம்மாவிடம் "வேணும்னா எடுத்துட்டுப் போ" என்போம். அதற்கும் மிஞ்சியது போகி அன்று தெருமுனையில் எரியும். பிளாஸ்டிக்கையும் டயரையும் எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு தை பிறப்பதற்கு முன்னும் கேட்டுக்கொள்கிறது. தெருமுனைகள் புகைந்துகொண்டுதான் இருக்கின்றன.

இந்த வழிகளில் போகிற எந்தப் பொருளும் அந்தப் பொருளாகவே போவதில்லை. தராசில் ஏறியதும் தூக்குவாளி வெறும் பித்தளையாகிவிடுகிறது. தீயில் போட்டதும் பாய் புகையாகிவிடுகிறது. இனாமாகக் கொடுத்தால் வாங்கிக்கொண்டவர் தலையில் ஒரு கடன் ஏறிவிடுகிறது. ஓடுகிற மிக்ஸி ஓடுகிற மிக்ஸியாகவே, அது தேவைப்படுகிறவர் கைக்கு, அவர் கொடுத்த காசுக்குப் போய்ச் சேரும் ஒரு வழி நம் தெருக்களில் இல்லை. அப்படி ஒன்றாக, வீட்டு வாசலில் சாமானைப் பரப்பி, விலை எழுதி வைத்து, வருகிறவரிடம் நேராக விற்கிற வழியைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இதற்குக் கராஜ் சேல் என்று பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புறநகர் வீடுகள் பெருகி, சாமான்களும் பெருகியபோது பரவிய வழக்கம் இது. 1987-இல் டென்னசி மாநிலத்தில் தொடங்கிய ஒரு நெடுஞ்சாலை விற்பனை இன்று மிச்சிகன் தொட்டு அலபாமா வரை 690 மைல் நீளத்துக்கு ஒவ்வோர் ஆகஸ்டிலும் நடக்கிறது. நெதர்லாந்தில் ஏப்ரல் 27, அரசரின் பிறந்தநாளன்று, யார் வேண்டுமானாலும் தெருவில் துணி விரித்துத் தம் பழம்பொருளை விற்கலாம். அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. நியூயார்க் மாநிலத்தில் இந்த விற்பனைகளை நெடுங்காலம் கவனித்து வந்த மானிடவியலாளர் கிரெட்சன் ஹெர்மன் 1997-இல் எழுதிய ஒரு கட்டுரை, அங்கே கைமாறுவது கொடையா சரக்கா என்ற கேள்வியை எடுத்துக்கொள்கிறது. விலை ஒட்டியிருக்கிறது, ஆனாலும் விற்கிறவர் தன்னில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுக்கிறார் என்பது அவர் கண்டது. அந்தக் கட்டுரை எங்கள் ஊருக்கென்று எழுதப்பட்டதில்லை. ஆனால் போடியில் அந்தக் கேள்வியைக் கேட்டால் அதன் கனம் கூடுகிறது.

நமக்கு முதல் தடை வெட்கம். வாசலில் அண்டாவும் கட்டிலும் வெளியே வந்தால் தெருவே "நொடிச்சுப் போயிட்டாகளோ" என்று கேட்கும். இதை வெறும் வறட்டுக் கௌரவம் என்று தள்ள எனக்கு மனமில்லை. வட்டி கட்டாத வீட்டில் அமீனா வந்து பாத்திரத்தை எடுத்துத் தெருவில் வைத்த ஜப்திக் கதை இல்லாத குடும்பம் இந்தப் பக்கத்தில் குறைவு. வீட்டுச் சாமான் வாசலுக்கு வருவது இங்கே வீழ்ச்சியின் காட்சியாகத்தான் மனதில் பதிந்திருக்கிறது. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூணும், எனாமல் பாத்திரமும், பெல்ஜியம் கண்ணாடியும் வரிசையாக நிற்கின்றன. அவற்றை விற்ற வீடுகள் எவை என்று கடைக்காரர் சொல்லமாட்டார், வாங்குகிறவரும் கேட்கமாட்டார். இடையில் ஒரு கடை நிற்பதால் இருவருக்கும் முகம் தெரியாமல் போகிறது. அந்த மறைப்புக்குத்தான் விற்கிறவர் பாதி விலையை விட்டுக்கொடுக்கிறார்.

இரண்டாவது தடை இன்னும் ஆழமானது. நம் ஊரில் பழைய பொருள் எப்போதும் மேலிருந்து கீழாகத்தான் இறங்கியிருக்கிறது. பழைய சேலை, பழைய சோறு, பழைய செருப்பு எல்லாம் பண்ணை வீட்டின் கொல்லைப்புறத்தில் கைமாறியவை. வாங்குகிறவர் குனிந்து வாங்கவேண்டும், பிறகு கூப்பிட்ட நேரத்துக்கு வரவேண்டும். பொருளோடு சேர்ந்து அந்தஸ்தும் அளக்கப்பட்டது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்கள்மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன், சாதியைப் பற்றிய தம் நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பொன்னோ வெள்ளியோ அணியக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. ஒரு பித்தளைச் சொம்பைக் காசு கொடுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது இந்த மண்ணில் தடுக்கப்பட்டிருந்தது. அதற்கு இன்னும் நூறு வருஷம் ஆகவில்லை. இதை வைத்துப் பார்த்தால், கையில் காசோடு ஒரு வீட்டின் முன்வாசல் வழியாக வந்து, பேரம் பேசி, அந்த வீட்டுச் செம்புத் தவலையை வாங்கிப் போவது சிறிய செயலாக எனக்குத் தோன்றவில்லை.

இனாமும் அவமதிக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. மீனவர்கள் அதைத் தொடவில்லை. சாலையோரத்தில் குவியல் குவியலாக மழையில் நனைந்து கிடந்தது. 1999-இல் டெல்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் அமைப்பு அப்படிக் கிடந்த துணியைச் சேகரித்து, பிரித்து, பயன்படும்படி ஆக்கும் வேலையை இங்கே மேற்கொண்டது. அந்த அமைப்பின் கிராமப் பணியில் துணி தானமாகத் தரப்படுவதில்லை. கிணறு தூர்வாருவது, பாதை போடுவது என்று ஊர் தனக்காகச் செய்துகொள்ளும் வேலைக்கு ஈடாகத்தான் துணி போய்ச் சேர்கிறது. குப்தாவுக்கு 2015-இல் மகசேசே விருது கிடைத்தது. வேண்டாததை வைத்துவிட்டு வேண்டியவர் எடுத்துக்கொள்ளும்படி திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் வைத்த 'அன்புச் சுவர்' போன்றவை நல்ல எண்ணத்தில் வந்தவை. யார் வைத்தது, யார் எடுத்தது என்று தெரியாததால் குனிய வேண்டியதும் இல்லை. ஆனால் அங்கே தேர்வு இல்லை. கிடந்ததை எடுக்கலாம், வேண்டியதைக் கேட்க முடியாது. ஓட்டிப் பார்க்க முடியாது, "மூடி சரியா பூட்டலையே" என்று குறை சொல்ல முடியாது. குறை சொல்லும் உரிமையை விலைதான் கொடுக்கிறது.

போடி இதற்குப் பொருத்தமான ஊர் என்று சொல்வதற்கு இங்குள்ள மலையே காரணம். போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். கீழே வெயில் காய்கிறபோது மேலே சாரலும் குளிரும். 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. அங்குள்ள ஏலக்காய்த் தோட்டங்களில் வேலை பார்க்கிறவர்கள் பலரும், தோட்டக்காரர்கள் பலரும், இந்தப் பக்கத்து ஊர்களிலேயே இருந்துவிட்டார்கள். விடிவதற்குள் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகின்றன, இருட்டுவதற்குள் இறங்குகின்றன. மேலே தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் தங்கி வேலை பார்க்க இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. அவர்கள் வரும்போது கையில் ஒரு பை. அடுப்பு, குக்கர், போர்வை எல்லாம் இங்கே வந்துதான் சேர்க்கவேண்டும். கீழே போடி வீடுகளிலோ பரண் முழுக்க அதே சாமான்தான். பிள்ளைகள் சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். போடிக்கு வந்த மீட்டர்கேஜ் ரயில்பாதை 2010 கடைசி நாளோடு மூடப்பட்டு, 2023 ஜூன் 15-இல் அகலப்பாதையாகத் திறந்தபின் சென்னையிலிருந்து வாரத்தில் மூன்று நாள் வண்டி வரத் தொடங்கியது. அதில் சக்கரப் பெட்டியோடு வந்து இறங்குகிறவர்கள் அதே பெட்டியோடுதான் திரும்புகிறார்கள். அண்டாவை ஏற்றிக்கொண்டு போகிறவர் யாருமில்லை.

எங்கள் பெரியம்மா காலமாகி வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தபோது அக்காவும் நானும் வாசலில் விற்பது என்று முடிவெடுத்தோம். கிழமையைத்தான் முதலில் பேசினோம். வெள்ளியும் செவ்வாயும் இந்த ஊரில் வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுக்கமாட்டார்கள். வாங்க வருகிறவருக்கும் அந்த உறுத்தல் இருக்கும். ஞாயிறுதான் சரி. மலைக்குப் போகிற ஜீப்பு ஓடாத நாள், லயத்துக்காரர்கள் சாமான் வாங்கக் கீழே இறங்குகிற நாள். மாதமும் முக்கியம். ஆடி கழிந்து ஏலக்காய் எடுப்பு சூடு பிடித்தபின் கையில் காசு புரளும். கோடையில் வைத்திருந்தால் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள்.

எதை வைப்பதில்லை என்பதையும் அன்றே தீர்மானித்தோம். குத்துவிளக்கு, படி, உழக்கு, அம்மி இவை வீட்டோடு. பெரியம்மா உடுத்திய சேலைகளும் வைக்கவில்லை. இறந்தவர் துணியை வாங்குவதற்கு இங்கே யாருக்கும் மனம் வராது, அதை மறைத்து விற்பது பாவம். அரசு முத்திரை பதித்த இலவச மிக்ஸியும் மின்விசிறியும் ஒரு மூலையில் புதிதாகவே இருந்தன. அவை விற்பதற்காகக் கொடுக்கப்பட்டவை அல்ல என்பதால் உறவில் தேவைப்பட்டவர்களுக்குப் போயின.

மற்றதையெல்லாம் கழுவித் துடைத்தோம். இந்த வேலைதான் அதிகம், இதை விட்டால் மற்றதெல்லாம் வீண். புளி போட்டுத் தேய்த்த பித்தளைக்கும் களிம்பு ஏறிய பித்தளைக்கும் உலோகம் ஒன்றுதான்; ஆனால் தேய்க்காமல் வைத்தால் 'உனக்கு இது போதும்' என்று சொல்வதாக ஆகிவிடும். குக்கருக்கு விசிலும் கேஸ்கட்டும் தேடிச் சேர்த்தோம். கிரைண்டருக்குக் குழவியைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தோம். கம்பளிகளையும் ஸ்வெட்டர்களையும் வெயிலில் போட்டோம். போடி வெயிலில் யாருக்கும் வேண்டாத இவைதான் மேலே முதலில் தேவைப்படுவது. ரப்பர் பூட்ஸ், தார்ப்பாய், குடை, மடக்குக் கட்டில் எல்லாம் ஒரு பக்கம். பழுது இருந்தால் பழுது என்ன என்று விலைச்சீட்டிலேயே எழுதினோம்: 'ஒரு வேகம்தான் ஓடும்', 'கைப்பிடி மாற்ற வேண்டும்'. சில்லறையை முதல்நாளே மாற்றி வைத்துக்கொண்டோம்.

விலை வைப்பதில் அக்காவுக்கும் எனக்கும் வாக்குவாதம் நடந்தது. அக்கா எல்லாவற்றையும் அஞ்சுக்கும் பத்துக்கும் போட்டுவிடலாம் என்றாள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மிகக் குறைந்த விலையும் ஒருவகை இனாம்தான். புதிதாக வாங்கினால் என்ன விலையோ அதில் மூன்றிலொரு பங்கு, பித்தளைக்கு மட்டும் எடைக்கடை விலையோடு கொஞ்சம் கூட, பேரத்துக்கு இடம் விட்டு எழுதுவது என்று முடிந்தது. பேரம் பேச இடம் விடுவது மரியாதை. விலை சொன்னவரும் இறங்கி வந்தார், கேட்டவரும் ஏறி வந்தார் என்றால்தான் இருவரும் நடுவில் சந்தித்ததாக அர்த்தம்.

இந்த ஊர்க்காரர்களுக்கு விலை பேசக் கற்றுக்கொடுக்க வேண்டியதே இல்லை. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் போடியில் இருக்கிறது. சின்னப் பொட்டலத்தில் வருகிற மாதிரி ஏலக்காயை வியாபாரி விரலால் உருட்டி, பச்சை பார்த்து, தோலைப் பிளந்து, உள்ளே விதை கறுத்திருக்கிறதா என்று பார்க்கிற வேகத்தை நின்று கவனித்தால்தான் புரியும். எட்டு மில்லிமீட்டர் காயா, லிட்டர் எடை என்ன என்பதெல்லாம் அவர்களுக்கு நாவில் நிற்கும். 2019 ஆகஸ்டில் மலைக்கு அந்தப் பக்கம் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய்வரை போனது. முந்தைய வருஷத்து வெள்ளமும் அந்த வருஷத்து வறட்சியும் காயைக் குறைத்திருந்தன. அத்தனை நுட்பமாக விலை காண்கிற அந்த இடத்தில், யார் கை அந்தக் காயைப் பறித்தது என்பது மட்டும் விலையில் ஏறுவதே இல்லை. பறித்த பெண்ணின் கூலி காயோடு சேர்ந்து ஏறவும் இல்லை. வாசல் விற்பனையில் நான் மதிப்பது இதற்கு நேர்மாறான ஒன்றை. யார் பொருள், யார் கைக்குப் போகிறது என்பது இரண்டு பக்கமும் தெரிகிறது.

அன்று காலை வந்தவர்களில் ஜீப்பில் மலைக்குப் போய்வருகிற ஒரு பெண், ஒரு எவர்சில்வர் தூக்குவாளியைக் கையில் எடுத்தார். மூடியைத் திறந்தார், அழுத்தி மூடினார், தலைகீழாகக் கவிழ்த்து ஆட்டினார்.

"எம்புட்டுண்ணே?"

"அறுபதும்மா."

"மேட்டுல ஜீப்பு திரும்பயில குழம்பு கொட்டிருது. மூடி இறுக்கமா இருக்கான்னுதான் பாக்கேன்." இன்னொரு தரம் ஆட்டினார். பிறகு அடிப்பக்கத்தைத் திருப்பி, புள்ளி புள்ளியாய் வெட்டியிருந்த எழுத்தைப் படித்தார். "இது யாரு பேரு?"

"எங்க பெரியம்மா. அவுக கல்யாணத்துக்கு வந்தது."

"இருக்காகளா?"

இல்லை என்றேன். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "காசு வேணாம்த்தா, சும்மா எடுத்துட்டுப் போ" என்றாள்.

அந்தப் பெண் வாளியைக் கீழே வைத்துவிட்டார். "சும்மான்னா வேணாம்க்கா. நாளப்பின்ன தெருவுல பாத்தா ஒரு மாதிரி இருக்கும். அம்பதுன்னு முடிங்க, எடுத்துக்கிறேன்."

அம்பதுக்கு முடிந்தது. பெயரை அழித்துத் தரவா என்று அக்கா கேட்டதற்கு, "எதுக்கு, கெடக்கட்டும். நல்லா வாழ்ந்தவுக பேருதானே" என்றார்.

ஹெர்மன் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் படித்ததில்லை. அந்தப் பெண் வாங்கியது சரக்கு. அதற்குரிய காசை எண்ணி வைத்தார். ஆனால் பெரியம்மாவின் பெயரைச் சேர்த்தே எடுத்துக்கொண்டார், அது அவர் எங்களுக்குக் கொடுத்தது. காசு வாங்காமல் இருந்திருந்தால் இந்த இரண்டாவது நடந்திருக்காது. அக்காவின் மனசு தங்கம். ஆனால் அந்த நேரத்தில் அவள் கொடுக்க நினைத்தது அந்தப் பெண்ணுக்குச் சுமை. தெருவில் தலை நிமிர்ந்து எதிர்ப்படுகிற சுதந்திரத்துக்கு அவர் அம்பது ரூபாய் கொடுத்தார்.

பிற்பகலில் லயத்திலிருந்து இறங்கிய வடக்கத்திப் பையன்கள் சிலர் குக்கரைக் கேட்டார்கள். தண்ணீர் ஊற்றி முற்றத்து அடுப்பில் ஏற்றிக் காட்டினோம், விசில் வந்தது. மொழி தேவைப்படவில்லை. கம்பளிகள் உச்சிப்பொழுதுக்குள் முடிந்துவிட்டன. சாப்பாட்டு மேசையை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, ஷோகேஸ் பொம்மைகளும் அப்படியே. நாம் பெருமைக்கு வாங்கிய எதுவும் போகவில்லை, உழைப்புக்கு வாங்கியதெல்லாம் போய்விட்டது.

எல்லாவற்றையும் விற்றுத்தான் ஆகவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. புத்தகம் நூலகத்துக்குப் போகலாம், குழந்தைத் துணி தங்கை வீட்டுக்குப் போகலாம். சமமானவர்களுக்கு இடையில் கொடுப்பதும் வாங்குவதும் திரும்பத் திரும்ப நடக்கும், கணக்கு நேராகிவிடும். திருப்பிக் கொடுக்க வழியில்லாதவருக்கு நாம் கொடுக்கிறபோதுதான் பொருள் கனக்கிறது. அங்கேதான் விலை வேண்டும். நியாயமான, அவரால் எட்டக்கூடிய, அவர் பேசிக் குறைக்கக்கூடிய விலை. நம் வீடுகளில் வேலை செய்கிற பெண்களிடமும் இதைச் செய்து பார்க்கலாம். 'எடுத்துட்டுப் போ' என்பதற்குப் பதில் 'உனக்கு வேணுமா, என்ன குடுப்ப' என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லும் துணிவும் அவருக்கு வரும். வேண்டாததை அள்ளிக்கொண்டு போய் வழியில் போடவேண்டிய அவசியமும் இருக்காது.

வருகிற போகிக்கு நெருப்பில் போடவென்று எடுத்து வைத்திருப்பதை ஒரு முறை திரும்பிப் பாருங்கள். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் முன்வாசலைத் திறந்து வையுங்கள். சாமானைத் தேய்த்துக் கழுவி, விலை எழுதி, பழுதைச் சொல்லி வையுங்கள். மிக்ஸியை ஓட்டிப் பார்க்க வாசல் பக்கம் ஒரு பிளக் பாயின்ட் இருக்கட்டும். வருகிறவர்களுக்கு உட்கார நாற்காலி போடுங்கள். யாராவது பேரம் பேசினால் கோபப்படாமல் பேசுங்கள்.